அதிரசப் பதம் தெரிந்தால் ஃபாண்டன்ட் வெடிக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் 'முட்டையில்லா பிறந்தநாள் கேக்' குறிப்போடு, அதை மூடுவதற்கான மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட்டை (கேக் மேல் தோல் மாதிரி விரித்துப் போடுகிற சீனி மாவு) வீட்டிலேயே செய்யும் முறையையும் போட்டிருந்தீர்கள். அதை அப்படியே செய்த ஒரு பெண் புதன்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டில் வைத்தே கேக் செய்து கொடுப்பவள். 2015-லிருந்து சனிக்கிழமைதோறும் ஐந்தாறு பேருக்குக் கற்றும் கொடுக்கிறேன். அந்தப் பெண் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். என் வகுப்புக்கு வந்தவள் இல்லை. அவளுடைய அக்கா மகனுக்கு மறுநாள் முதல் பிறந்தநாள். பிள்ளைக்குச் சித்தி கையால் செய்த கேக்காக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு நாளாகப் பாடுபட்டிருக்கிறாள். தாம்பாளத்தில் 8 அங்குலக் கேக்கை ஏந்திக்கொண்டு அவள் முன்னால் நிற்க, பின்னால் அவள் தம்பி பாலிதீன் பையில் ஃபாண்டன்ட் உருண்டையை வைத்துக்கொண்டு நின்றான். "அக்கா, எல்லாம் போச்சுக்கா. பேப்பர்ல போட்டிருந்த அளவுல ஒரு பொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏட்டி, அழாத. முதல்ல உள்ள வா" என்று கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

ஒரு தடவை விரித்து, மூடிப் பார்த்து, உரித்தும் எடுத்திருக்கிறாள். கேக்கின் மேல் விளிம்பில் ஃபாண்டன்ட் மடங்கி இறங்குகிற இடமெல்லாம் கோடையில் வற்றின குளத்து வண்டல் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்ததாம். நாங்கள் இதை யானைத் தோல் என்று சொல்வோம். உருண்டையைக் கையில் வாங்கினேன். நல்ல கனம். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது, ஆனால் பள்ளத்தின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நல்ல ஃபாண்டன்ட்டை அழுத்தினால் ஓரம் வழவழவென்று உருண்டு நிற்கும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் கொஞ்சம் நீண்டு, மெலிந்து, அப்புறம்தான் அறும். இது சுண்ணாம்புக் கட்டி மாதிரி பட்டென்று இரண்டாகப் போனது.

அவளிடம் ஒரு தவறும் இல்லை. கத்தரித்து வைத்திருந்த உங்கள் குறிப்பை வாங்கிப் படித்தேன். 250 கிராம் மார்ஷ்மெல்லோவை உருக்கி, அரை கிலோ ஐசிங் சுகர் (மாவாக அரைத்த சீனி) முழுவதையும் சேர்த்து, 'கையில் ஒட்டாத பதம் வரும்வரை' பிசையச் சொல்லியிருந்தது. கடைசி வரியில் 'காய்ந்துவிட்டால் சிறிது தண்ணீர் தெளித்துக்கொள்ளவும்' என்று இருந்தது. இந்த இரண்டு வரிகள்தான் அந்தப் பிள்ளையின் இரண்டு நாள் உழைப்பைக் கெடுத்தவை.

மார்ஷ்மெல்லோ என்பது சீனி, குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கொஞ்சம் தண்ணீர், நிறையக் காற்று. ஃபாண்டன்ட் இழுபட்டு வளைவதற்குக் காரணம் ஜெலட்டின். அது ஏறத்தாழ நம் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும், ஆறினால் இறுகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு போகாமல் பிசைகிறபோது அது இளகிய நிலையில்தான் இருக்கும். ஆகவே மாவு கையில் ஒட்டத்தான் செய்யும், ஒட்டவும் வேண்டும். ஒட்டுகிறதே என்று சீனியைக் கொட்டிக்கொண்டே போனால் அந்த நேரத்துக்கு மெத்தென்று, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ராத்திரியில் ஜெலட்டின் இறுகும். ஐசிங் சுகரும் அதில் கலந்திருக்கிற கார்ன்ஃப்ளாரும் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். காலையில் எடுத்தால் கல்.

அதிரசம் சுடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெல்லப்பாகில் பச்சரிசி மாவைத் தூவிக் கிண்டும்போது எங்கம்மா சொல்வாள்: "இளக்கமா இருக்கையிலேயே நிறுத்திரணும். விடிஞ்சா அதுவே இறுகிக்கிடும்." மாவு மிச்சம் இருக்கிறதே என்று அத்தனையையும் கொட்டினவர்களுக்கு மறுநாள் தட்டும்போது ஓரமெல்லாம் விண்டுபோகும், எண்ணெயில் போட்டால் பிரிந்துபோகும். நான் ஃபாண்டன்ட் பழகின முதல் வருஷம் முழுக்க வெடிப்போடு மல்லுக்கட்டினேன். அந்தத் தீபாவளிக்கு அம்மா பக்கத்தில் நின்று மாவு கிண்டும்போதுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஐசிங் சுகரில் 100 கிராமைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் பிசையவே தொடங்குகிறேன்.

அன்று ராத்திரி என்ன செய்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். இதே நிலைமையில் இன்னும் எத்தனை வாசகிகள் இருக்கிறார்களோ. உருண்டையை நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மைக்ரோவேவில் 8 நொடி வைத்தேன். முழுசாக வைத்தால் நடுவில் உருகி ஓடும், வெளியே அப்படியே இருக்கும். என்னிடம் அரைப் பாக்கெட் மார்ஷ்மெல்லோ இருந்தது. அதில் 50 கிராம் எடுத்து அரை ஸ்பூன் தண்ணீரோடு உருக்கி, கைக்கும் மேடைக்கும் டால்டா தடவிக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் குழி பண்ணி அதில் கொஞ்சம் ஊற்றி மடித்து மடித்துப் பிசைந்தோம். சீனி கூடிப்போன மாவுக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. கெட்டுப்போனது விகிதம். மார்ஷ்மெல்லோவைச் சேர்த்தால் அந்த விகிதமே சரியாகிவிடுகிறது. அப்புறம் அரை டீஸ்பூன் கிளிசரின், சொட்டுச் சொட்டாக. கிளிசரின் பட்டதும் மாவு வழுக்கிக்கொண்டு, நூல் நூலாகப் பிரிந்து, இன்னும் மோசமானது போலத் தெரியும். அந்தப் பெண் பயந்து கையை எடுத்துவிட்டாள். "விடாத, பிசை" என்றேன். ஐந்தாறு நிமிஷத்தில் எல்லாம் உள்ளே போய் மாவு ஒன்றுகூடிப் பளபளவென்று திரும்பி வந்தது. அவள் முகத்தையும் அப்போது பார்க்க வேண்டும்.

பாலிதீன் தாளில் சுற்றி அரை மணி நேரம் ஊறப்போட்டோம். பரோட்டாவுக்கு மைதாவைப் பிசைந்து ஊறப்போடாமல் வீச முடியுமா? இதுவும் அப்படித்தான். பிறகு கொஞ்சம் கிள்ளி விரல் தடிமனில் கயிறாகத் திரித்து வளைத்துப் பார்த்தோம். வளைவின் வெளிப்பக்கம் கீறல் விழுந்தால் மாவு இன்னும் காய்ந்திருக்கிறது, கையை எடுத்ததும் தொய்ந்து படுத்தால் ஈரம் அதிகம். கயிறு வளைந்து அப்படியே நின்றது. பன்னிரண்டரைக்கு விரித்து மூடி முடித்தோம். பின்பக்கம் ஒரே ஒரு இடத்தில் மெல்லிய கீறல் வந்தது. அதன்மேல் பச்சையில் ஒரு இலையை வெட்டி ஒட்டினாள்.

உங்கள் குறிப்பை நான் எப்படித் திருத்துவேன் என்றால்: 250 கிராம் மார்ஷ்மெல்லோ, ஒன்றரை டேபிள்ஸ்பூன் தண்ணீர். இரண்டையும் டால்டா தடவின கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு மைக்ரோவேவில் 30 நொடி, கிளறல், மறுபடி 30 நொடி. உப்பி வந்து, கிளறினால் கட்டியில்லாமல் குழைந்ததும் போதும். கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் தண்ணீர் ஆவியாகி, ஆரம்பத்திலேயே மாவு ரப்பராகிவிடும். சூடாக இருக்கும்போதே ஒரு டேபிள்ஸ்பூன் லிக்விட் குளுக்கோஸ், ஒரு டீஸ்பூன் கிளிசரின், ஒரு டேபிள்ஸ்பூன் டால்டா, ஒரு சிட்டிகை உப்பு, எசென்ஸ் எல்லாம் சேர்த்துக் கலக்க வேண்டும். குளுக்கோஸை எடுக்கும்போது விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஸ்பூனிலும் கையிலும் ஒட்டாது. பிறகு சலித்த ஐசிங் சுகர் 400 கிராமை மூன்று தடவையாகச் சேர்த்து, கரண்டியால் கிளற முடியாமல் போனதும் மேடையில் கொட்டி, கைக்கு டால்டா தொட்டுக்கொண்டு பிசைய வேண்டும். கையில் லேசாக ஒட்டுகிற நிலையில் நிறுத்திவிட வேண்டும். அரை கிலோவில் மீதி 100 கிராம் மறுநாளைக்கு. உருண்டை மேல் டால்டா பூசி, காற்றுப் புகாமல் பாலிதீன் தாளில் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, ஒரு ராத்திரி வெளியிலேயே வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் நம் ஊர் வெக்கைக்கு மேலெல்லாம் முத்து முத்தாக வியர்த்துவிடும். மறுநாள் கெட்டியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 10 நொடி சூடு காட்டிப் பிசைந்தால் இளகிவிடும். அப்போதும் ஒட்டினால் மட்டும் மிச்சம் வைத்த சீனியிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்தால் போதும்.

இந்த அளவுக்கு ஏறத்தாழ 700 கிராம் வரும். 8 அங்குல அகலம், 4 அங்குல உயரமுள்ள கேக்குக்கு 16 அங்குல வட்டம் தேவை. 3 மில்லிமீட்டர் கனத்தில் விரித்தால் சரியாகப் போதும். சிக்கனம் பார்த்து அதற்கும் மெல்லியதாக விரித்தால் எவ்வளவு நல்ல மாவாக இருந்தாலும் விளிம்பில் கிழியத்தான் செய்யும்.

அந்த 100 கிராமை எப்போது சேர்ப்பது, சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் குறிப்பு சொல்ல முடியாது, காற்றுதான் சொல்லும். இது ஆடி மாதம். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சாரலைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வருகிற காற்று எங்கள் ஊருக்கு வரும்போது வறண்டு, புழுதியோடு வருகிறது. ஈரத்துணி முக்கால் மணி நேரத்தில் காய்கிறது. இந்தக் காற்றில் ஃபாண்டன்ட்டை மேடையில் விரித்துவிட்டு ஃபோன் எடுக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மேல்தோல் காய்ந்து ஆடை கட்டியிருக்கும். தூக்கிக் கேக் மேல் போட்ட உடனே அந்த ஆடைதான் வெடிக்கிறது. ஆடியில் நான் மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் விரிப்பேன். மிச்சம் வைத்த சீனியைத் தொடவே மாட்டேன். மேடையில் கார்ன்ஃப்ளார் தூவாமல் டால்டாதான் தடவுவேன், கார்ன்ஃப்ளார் இன்னும் கொஞ்சம் ஈரத்தை இழுத்துவிடும் என்பதால்.

ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு. மழை பிடித்துவிட்டால் காற்றிலேயே தண்ணீர் நிற்கும். அதே அளவில் பிசைந்த மாவு அப்போது கையை விட்டு வராது. கிளிசரினைப் பாதியாகக் குறைத்து, அந்த 100 கிராமை முழுசாகச் சேர்த்து, கார்ன்ஃப்ளார் தூவி விரித்தால்தான் நிற்கும். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் எல்லாம் அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. வருஷத்துக்கு இரண்டு விதமாகச் செய்ய வேண்டிய ஒன்றை ஒரே ஒரு அளவாக அச்சிட்டு, கன்னியாகுமரியிலிருந்து ஓசூர் வரைக்கும் அனுப்பிவைப்பது நியாயமில்லை. ஓசூரின் குளிருக்கும் எங்கள் வெக்கைக்கும் ஜெலட்டின் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

தண்ணீர் தெளிக்கச் சொன்ன வரிக்கு வருகிறேன். இதில் எனக்குப் பட்ட காயம் உண்டு. 2015-ல் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு அடுக்குக் கேக். ஃபாண்டன்ட் காய்ந்திருந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிசைந்தேன். பிசையும்போது இளகினது போலத்தான் இருந்தது. தண்ணீர் பட்ட இடத்திலெல்லாம் ஐசிங் சுகர் பாகாகக் கரைந்து, மாவு பிசுபிசுத்தது. பிசுபிசுப்புக்காக மறுபடி சீனி, அது காய்ந்ததும் மறுபடி தண்ணீர். கடைசியில் மூடி வைத்த கேக்கில் சாயங்காலத்துக்குள் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழுந்து, கீழடுக்கின் பக்கவாட்டில் தோல் சரிந்து நின்றது. அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே அது இன்னும் என் மனதில் இருக்கிறது. தண்ணீர் சீனியைக் கரைத்துவிட்டு அப்புறம் காற்றோடு போய்விடுகிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. லிக்விட் குளுக்கோஸ், சீனி மறுபடி மணிமணியாகப் பூத்துப்போகாமல் தடுக்கிறது. டால்டா மாவுக்கு வழுவழுப்பைக் கொடுத்து மேலே காயாமல் மூடுகிறது. மூன்றும் மூன்று வேலை. எதற்கும் தண்ணீர் ஈடாகாது.

கிளிசரினைப் பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தோலுக்குத் தடவக் கொடுக்கிற பாட்டிலைச் சிலர் வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். கேக் சாமான் விற்கிற கடைகளில் உணவுக்கென்றே கிளிசரின் தனியாகக் கிடைக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உரிம எண்ணும், உணவில் சேர்க்கிற கிளிசரினுக்கான ஐ.என்.எஸ். 422 என்ற குறியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லி என் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவேன். குழந்தைகள் சாப்பிடுவது. குளுக்கோஸ் கிடைக்கவில்லை என்று தேன் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும். முதல் பிறந்தநாள் விழாவுக்கு அந்த வயதுப் பிள்ளைகள் நாலு பேராவது வருவார்கள்.

டால்டா என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு: வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. நாம் போடுவதும் ஒரு ஸ்பூன். வெண்ணெய் போட்டால் வெள்ளை நிறம் மஞ்சளடிக்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், எங்கள் ஊரில் 24 டிகிரியை எப்போது பார்க்கிறோம்? மத்தியானம் மாவு எண்ணெய் கக்கும்.

சீனியை மிக்ஸியில் அரைத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கிற சீனி, ஃபாண்டன்ட்டை விரிக்கும்போது ஒவ்வொரு மணியும் ஒரு ஓட்டை போடும். வெளியே தெரியாது, கேக் மேல் தொங்கவிட்டு இழுக்கும்போது அந்த ஓட்டையிலிருந்துதான் கிழிசல் ஓடும். வீட்டில்தான் அரைக்க வேண்டும் என்றால் 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்து அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். கை வலிக்கும். ஆனால் கடை ஐசிங் சுகருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

மைக்ரோவேவ் இல்லாத வீடுகளும் உண்டு. கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து மார்ஷ்மெல்லோவை உருக்கலாம், இறுகின ஃபாண்டன்ட்டைத் துண்டுகளாக அதிலேயே போட்டு மூடி இளக்கலாம். ஆவி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் நான் இப்படித்தான் செய்தேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் கேட்டிருந்தவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேண்டும் என்ற நாலு வீட்டுக்கும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேஸ் அடுப்பில் உருக்கி, பிசைந்து, மூடிக் கொடுத்தேன். மைக்ரோவேவில் செய்ததைவிட அது இன்னும் மென்மையாக வந்தது என்பது உண்மை. சூடு மெதுவாக ஏறினதுதான் காரணம்.

நிறம் சேர்க்கும்போதும் இளக்கம் மாறும். தண்ணீர் போன்ற கலர் ஊற்றினால் தண்ணீர் தெளித்த கதைதான். ஜெல் கலர் நல்லது. ஆனாலும் கரும்சிவப்பும் கறுப்பும் வேண்டும் என்று அரைப் பாட்டிலை ஊற்றினால் மாவு கொழகொழத்துவிடும். அந்த நிறங்களுக்கு முதல் நாளே கலரைக் கலந்து வைத்துவிட்டால் ராத்திரியில் நிறம் தானாகக் கூடும், கலரும் குறைவாகப் போதும். பூ, பொம்மை செய்வதற்கு எடுக்கிற மாவில் மட்டும் சி.எம்.சி. பவுடர் ஒரு சிட்டிகை சேர்க்கலாம், அது விறைப்பாக நிற்க வைக்கும். கேக்கை மூடுகிற மாவில் அதைச் சேர்த்துவிட்டு வளையவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரெஷ் க்ரீம் தடவின கேக் மேல் ஃபாண்டன்ட் போடவே கூடாது என்பதையும் உங்கள் குறிப்பு சொல்லவில்லை. க்ரீமின் ஈரம் உள்ளிருந்து கரைத்துவிடும். நம் வெக்கைக்கு இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு க்ரீம் சேர்த்த கனாஷ் தடவி, இறுகவிட்டு மூடுவதுதான் பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. இது பதத்தைப் பற்றியது இல்லை, ஆனால் வெடிப்பைவிட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. உங்கள் பக்கத்தின் தலைப்பு 'முட்டையில்லா' கேக். முட்டை சேர்க்காத கேக்கைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் சைவம் சாப்பிடுகிறவர்கள். சாதாரண மார்ஷ்மெல்லோவில் இருக்கிற ஜெலட்டின் மாட்டின், பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும், சிலவற்றில் மீனிலிருந்தும் எடுப்பது. குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாக்கெட்டில் பழுப்பு முக்கோணமா பச்சைப் புள்ளியா என்று பார்க்கச் சொல்லியாவது ஒரு வரி போட்டிருக்க வேண்டும். எங்களிடம் மேலப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டரே கொடுப்பார்கள். பாளையங்கோட்டையில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத வீடுகளுக்கு நான் கேக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் வீட்டுக்குள் தெரியாமல் அவர்கள் தொடாத பொருளைக் கொண்டுபோய் வைப்பது பெரிய பாவம் என்றே நினைக்கிறேன்.

பச்சைப் புள்ளி உள்ள, கடற்பாசியிலிருந்து எடுக்கிற கராஜீனனோ அகர் அகரோ சேர்த்த மார்ஷ்மெல்லோவிலும் செய்து பார்த்தேன். அது உருகுகிற விதமே வேறு. குழைந்து பசையாக ஆனாலும் ஜெலட்டினின் இழுவை வருவதில்லை, விரித்தால் விளிம்பு அறுகிறது. கிளிசரினும் குளுக்கோஸும் கூட்டிப் பார்த்தும் ஒரு பெரிய கேக்கை மூடுகிற அளவுக்கு என் கைக்கு அது பிடிபடவில்லை. ஆகவே சைவ வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி போட்டு விற்கிற ரெடிமேட் ஃபாண்டன்ட்டை வாங்கிப் பிசைந்துகொள்கிறேன், விலை கூடுதல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை வேறு யாராவது வீட்டிலேயே நன்றாகச் செய்திருந்தால் உங்கள் பக்கத்தில் அவசியம் எழுதச் சொல்லுங்கள், நான் காத்திருந்து படிப்பேன்.

ஆசிரியர் அவர்களே, சமையல் குறிப்பை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. புதன்கிழமை வந்த பெண்ணின் நோட்டில் அவள் அம்மா காலத்துத் துணுக்குகளும் இருந்தன, ஓரங்களில் மஞ்சள் கறையோடு. அப்படி ஒட்டப்படுகிற ஒன்றைத் திருத்துவதற்கு வழி அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தத்தைப் போடுவதுதான். வரும் ஞாயிறே போட்டால் நல்லது. 'அரை கிலோ முழுவதையும்' என்பதை '400 கிராம் சேர்த்து, லேசாக ஒட்டும்போதே நிறுத்தி, மீதியை மறுநாள் தேவைப்பட்டால் மட்டும்' என்று மாற்றுங்கள். தண்ணீர் தெளிக்கிற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உணவுக்கான கிளிசரினைப் போடுங்கள். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு என்பதைத் தலைப்புக்குக் கீழேயே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் ஒரு டிபன் பாக்ஸில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். இலை ஒட்டின பக்கத்துத் துண்டு. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன் என்றாள், நோட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.